டில்லி ஜாபிதா

ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையின் கோடை மலருக்காக 'டில்லியில் நான்கு நாட்கள்' என்று ஒரு கட்டுரை எழுதினேன். நாவல் எழுதுகிறவனிடம் பத்திரிகைக்காரர்கள் இப்படிச் சில்லறை வேலைகளும் கேட்பதுண்டு. நானும் மறுப்பதில்லை. இருபது வயதில் கரோல்பாகில் ஒரு நண்பனுடைய அறையில் பத்து நாள் தங்கியிருந்தேன். அந்த ஞாபகம் பாதியும், வாடகை நூல் நிலையத்தில் அகப்பட்ட ஒரு பழைய வழிகாட்டிப் புஸ்தகம் பாதியுமாகக் கலந்து ஒரே இரவில் எழுதி முடித்துவிட்டேன். முதல் நாள் இந்தியா கேட், ராஷ்டிரபதி பவன், பிர்லா மந்திர். இரண்டாம் நாள் குதுப் மினார், தாமரைக் கோவில். மூன்றாம் நாள் ஹுமாயூன் சமாதி, லோதி தோட்டம், செங்கோட்டை, ஜும்மா மசூதி, ராஜ்காட். நான்காம் நாள் விடியற்காலையில் புறப்பட்டு ஆக்ரா. ராத்திரி திரும்பி வந்து மூட்டை கட்ட வேண்டியது.

இந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்கள் என் எந்த நாவலுக்கும் வந்ததில்லை. அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டில்லி முழுவதும் சுற்றியதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கற்பனைக் கதை படித்து ஒருவர் கண் கலங்கினார் என்பதைக் காட்டிலும், நம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பஸ் ஏறினார் என்பது எழுத்தாளனுக்கு அதிகப் போதை தரக்கூடிய விஷயம்.

சென்ற வருஷம் மாசி மாதம் என் அக்காவை அழைத்துக்கொண்டு டில்லி போனேன். அத்தான் காலமானபின் அக்கா எங்கும் வெளியூர் போனதில்லை. "ஒரு தடவை டில்லியைப் பாத்துட்டு வந்துடணும்டா" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு இரவு ரயிலில் கழிந்தது. கையில் வேறு வழிகாட்டி எதற்கு? என் கட்டுரையே இருந்தது. அதன்படியே போனோம். இரண்டரை நாள் நடந்தோம், மெட்ரோ ரயில் ஏறினோம், ஆட்டோவில் பேரம் பேசினோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. காட்டியதைப் பார்த்தாள், நின்ற இடத்தில் நின்றாள். மூன்றாம் நாள் மத்தியான்னம் லோதி தோட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள்:

"ஏண்டா, வந்த நாளா சமாதி சமாதியாக் காட்டிக்கிட்டு இருக்கே. இத்தனை பேரு இங்கே செத்துப்போயிருக்காங்களே, அவங்கள்லாம் எங்கடா குடியிருந்தாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. சங்கடத்தை மறைப்பதற்காக, "நாளைக்கு ஆக்ரா போறோம் அக்கா, தாஜ்மகால்" என்றேன்.

"அதுவும் சமாதிதானே?" என்றாள் அக்கா.

ஊர் திரும்பிய பிறகு என் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னொருவர் எழுதிய நாவலை விமர்சனத்துக்குப் படிப்பது போல முதலிலிருந்து படித்தேன். பிறகு இதே வகையில் கைக்குக் கிடைத்த மற்றக் கட்டுரைகளையும் புஸ்தகங்களையும் படித்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. தலைநகருக்கு வருகிறவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் இந்த ஜாபிதா ஒரு தனி இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. கதையையும் கவிதையையும் விட அதிகம் பேர் படிப்பதும் அதைத்தான். அப்படியிருக்க அதை யாரும் விமர்சனம் செய்வதில்லை. என் கட்டுரையையே பலியாடாக வைத்துக்கொண்டு அதைச் செய்து பார்க்கிறேன்.

முதல் குறை, கதைக்கோப்பு இல்லை. நாவலில் காலத்தை முன்னும் பின்னும் புரட்டலாம். ஆனால் அதற்கு ஒரு முகாந்திரம் வேண்டும். என் ஜாபிதாவில் வாசகர் முதலில் 1931ல் திறந்துவைத்த இந்தியா கேட்டில் நிற்கிறார். அங்கிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய குதுப் மினாருக்குப் போகிறார். உடனே 1986ல் திறந்த தாமரைக் கோவில். மறுநாள் 1570ஐ ஒட்டிக் கட்டிய ஹுமாயூன் சமாதி, பிறகு 1648ல் முடிந்த செங்கோட்டை. இப்படிப் புரட்டியதற்கு முகாந்திரம் என்ன? பஸ் போகும் வழி, அவ்வளவுதான். ஒரு நாவலாசிரியன் தன் அத்தியாயங்களை பைண்டுக்காரர் சௌகரியப்படி அடுக்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

டில்லிக்கு ஒரு கதைக்கோப்பு உண்டு. அது ஒரே ஊர் அல்ல. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றாகக் கட்டிக்கொண்டே போன பல ஊர்கள். தெற்கே மெஹ்ரோலி மேட்டில் குதுப் மினாரைச் சுற்றி இருந்தது பழைய டில்லி. பிறகு அலாவுதீன் கில்ஜி அதற்கு வடகிழக்கே சிரியைக் கட்டினார். கியாசுதீன் துக்ளக் 1321ல் கிழக்கே பாறைமேல் துக்ளகாபாத் கோட்டையை எழுப்பினார். அவர் மகன் முகம்மது பின் துக்ளக் தலைநகரையே தக்காணத்துத் தௌலதாபாதுக்குக் கொண்டுபோகப் பார்த்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பிரோஸ் ஷா துக்ளக் 1354ல் யமுனைக் கரைக்கே வந்து பிரோஸாபாதைக் கட்டினார். ஹுமாயூனும் ஷேர்ஷாவும் இப்போது பழைய கோட்டை என்று சொல்லுகிற இடத்தில் கட்டினார்கள். ஷாஜஹான் 1639ல் தொடங்கி ஆற்றங்கரையிலேயே தன் பெயரில் ஒரு நகரம் சமைத்தார். பிறகு 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாகத் தர்பாரில் அறிவித்து வடக்கே அஸ்திவாரக் கல்லும் நாட்ட, இடம் சரியில்லை என்று நகரத்தைத் தெற்கே ரைஸினா மேட்டில் கட்டினார்கள். நட்ட கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள்.

இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். மேட்டிலும் பாறையிலும் இருந்த தலைநகரம் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றை நோக்கி இறங்கி வந்திருக்கிறது. மேட்டில் இருந்தவர்கள் தண்ணீருக்கு என்ன பாடு பட்டார்கள் என்பதற்கு அவர்கள் வெட்டிய குளங்களும் படிக்கிணறுகளுமே சாட்சி. இல்துத்மிஷ் மெஹ்ரோலியில் ஒரு பெரிய குளம் வெட்டினார். அலாவுதீன் சிரிக்காக வெட்டிய குளம்தான் இன்று ஹவுஸ்காஸ் என்ற பேட்டைக்குப் பெயர் தந்தது. அது தூர்ந்துபோன பிறகு பிரோஸ் ஷா தூர் வாரிக் கரையில் ஒரு கல்விச்சாலை கட்டினார். தாமும் அங்கேயே அடக்கமானார். துக்ளகாபாதைச் சில வருஷங்களிலேயே கைவிட்டதற்குத் தண்ணீர்க் கஷ்டமும் ஒரு காரணம் என்பார்கள். காவேரித் தண்ணீர் வந்ததா வரவில்லையா என்று பேசியே வளர்ந்த எங்கள் ஊர்க்காரிக்கு இந்த ஒரு கதையைச் சொல்லியிருந்தால் டில்லி முழுவதும் சொந்த ஊராகத் தெரிந்திருக்கும். நான் அவளுக்குச் சொன்னதெல்லாம் "அடுத்தது தாமரைக் கோவில்" என்பதுதான்.

இரண்டாவது குறை, பாத்திரங்கள் இல்லை. அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் அளவுகள் இருக்கின்றன. குதுப் மினார் 72.5 மீட்டர் உயரம். இந்தியா கேட் 42 மீட்டர். ராஷ்டிரபதி பவனில் 340 அறைகள். கதாநாயகனின் உயரத்தையும் எடையையும் சொல்லிவிட்டு அவனை அறிமுகப்படுத்திவிட்டதாக எந்த நாவலாசிரியனாவது நினைப்பானா?

குதுப் மினார் வளாகத்தில் புல்வெளியில் ஒரு சிறு கல்மண்டபம் தனியாக நிற்கிறது. அக்கா அதைச் சுட்டிக்காட்டி, "இது ஏண்டா அநாதையாட்டம் நிக்குது?" என்று கேட்டாள். எனக்கு அப்போது தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1803ல் பூகம்பம் வந்து மினாரின் உச்சி மண்டபம் விழுந்துவிட்டது. ராபர்ட் ஸ்மித் என்ற இங்கிலீஷ் என்ஜினீயர் 1828ல் தம் மனசுக்குப் பிடித்த மாதிரி ஒரு மண்டபம் செய்து உச்சியில் வைத்தார். இருபது வருஷம் அது அங்கே நின்றது. பிறகு வந்த ஹார்டிஞ்ஜ் பிரபுவுக்கு அது ஒட்டாத தலைப்பாகை போலப் பட்டிருக்க வேண்டும். 1848ல் கீழே இறக்கச் சொல்லிவிட்டார். இறக்கியதை உடைக்காமல் தரையில் வைத்தார்கள். ஒரு கலைஞனின் தவறான ரசனையை, எல்லாரும் பார்க்கும்படி, அவன் சிருஷ்டிக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக நிறுத்திவைத்த விமர்சனம் இது. உலகத்தில் வேறெங்கும் உண்டா என்று எனக்குச் சந்தேகம். அந்த ஒரு கல்லில் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். என் ஜாபிதாவில் 72.5 மீட்டர் மட்டும்தான் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல நாக் கூசுகிறது. ஆனால் சொல்லத்தான் வேண்டும். 'மினாரின் 379 படிகளையும் ஏறி உச்சிக்குப் போனால் டில்லி நகரம் முழுவதும் கண்ணுக்கு விருந்தாகத் தெரியும்' என்று எழுதியிருந்தேன். நான் ஏறியதில்லை. என் வயதுக்காரர் யாரும் பெரியவர்களான பிறகு ஏறியிருக்க முடியாது. அந்த வழிகாட்டிப் புஸ்தகம் எந்தக் காலத்தியதோ, அதில் இருந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மெருகேற்றி எடுத்துப் போட்டிருந்தேன். அன்று வாசலில் நின்ற காவலாளியிடம், "மேலே போக வழி எது?" என்று அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அது மூடி ரொம்ப காலமாச்சு" என்றார்.

1981 டிசம்பர் 4ந் தேதி மினாருக்குள்ளே விளக்கு அணைந்துவிட்டது. குறுகலான படிக்கட்டில் இருட்டில் நெரிசல் உண்டாகி 45 பேர் மிதிபட்டு இறந்தார்கள். பெரும்பாலும் பார்க்க வந்த பள்ளிக்கூடத்துக் குழந்தைகள். அன்றோடு படிக்கட்டை மூடிவிட்டார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுதான் 'கண்ணுக்கு விருந்து' என்ற என் சொற்றொடர் எனக்கு ஞாபகம் வந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று நான் எழுதவில்லை. பார்க்காததைப் பார்த்தது போல எழுதினேன், அவ்வளவுதான். ஜாபிதாக்களில் பாதி இப்படித்தான் உற்பத்தியாகிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவது. கதையில் இல்லாததை எழுதலாம். 'போய்ப் பாருங்கள்' என்று ஒருவரை அனுப்பும் எழுத்தில் அதற்கு உரிமை கிடையாது. என் கட்டுரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போன அந்த வாசகர் மினாருக்கு முன்னால் என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். கடிதத்தில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பெரிய மனசு.

மூன்றாவது குறை, விகிதம். எதற்கு எவ்வளவு நேரம் என்ற நிதானம். ஹுமாயூன் சமாதிக்கு நான் கொடுத்தது அரைமணி நேரமும் 'இதுவே தாஜ்மகாலுக்கு முன்னோடி' என்ற ஒரு வாக்கியமும். பின்னால் பிறந்த தம்பியின் பெயரைச் சொல்லித்தான் அண்ணனுக்கு மரியாதை! ஹுமாயூன் 1556ல் பழைய கோட்டையில் தம் புஸ்தகசாலைப் படியிலிருந்து தவறி விழுந்து இறந்தார். இந்தச் சமாதியைக் கட்டுவித்தவர் அவருடைய மனைவி பேகா பேகம். நிஜாமுதீன் அவுலியா என்ற மகானுடைய அடக்க ஸ்தலத்துக்கு அருகில் இருப்பது புண்ணியம் என்ற நம்பிக்கையில்தான் இந்த இடத்தைப் பொறுக்கினார்கள் என்பார்கள். 1857ல் கலகம் தோற்றபோது, கடைசி முகலாயரான கிழவர் பகதூர் ஷா செங்கோட்டையை விட்டு இங்கேதான் வந்து புகுந்தார், இங்கேதான் பிடிபட்டார். 1947ல் தேசம் இரண்டானபோது இந்தத் தோட்டத்திலும் பழைய கோட்டையிலும் அகதிகள் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். ஒரு மனைவியின் துக்கம், ஒரு வம்சத்தின் முடிவு, ஆயிரக்கணக்கானவர்களின் வீடிழப்பு எல்லாம் ஒரே மதிலுக்குள். இதற்கு அரைமணி நேரம்!

சமாதியைக் கட்டியது மனைவி என்பது அங்கே பலகையைப் படித்துத்தான் எனக்கே தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் அந்தச் செங்கல் நிறக் கல்லையும் வெள்ளைக் கும்மட்டத்தையும் நிமிர்ந்து பார்த்தாள். "எத்தனை வருஷம்டா கட்டினா?" என்று கேட்டாள். "அவர் போய்ப் பதினாலு வருஷத்துக்குள்ளே முடிஞ்சிருக்கு" என்றேன். "பரவாயில்லே, அவளுக்குச் செய்ய ஒரு வேலை இருந்துச்சு" என்றாள். அத்தான் போனபின் அக்கா ஐந்து வருஷம் என்ன செய்தாள் என்று நான் அதுவரை ஒரு நாள்கூட யோசித்ததில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஜாபிதாப்படி லோதி தோட்டத்துக்கு நேரமாகியிருந்தது. கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

இனி, லோதி தோட்டத்தில் அவள் கேட்ட கேள்வி. எல்லாரும் எங்கே குடியிருந்தார்கள்? ஊர் திரும்பிப் படித்துப் பார்த்ததில், இதைவிடப் பொருத்தமான இடத்தில் அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்க முடியாது என்று தெரிந்தது. அந்தத் தோட்டம் இருக்கும் இடத்தில் கைர்பூர் என்று ஒரு கிராமமே இருந்தது. பழைய சமாதிகளைச் சுற்றி ஜனங்கள் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்து வந்தார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் அவர்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, சமாதிகளை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றிப் புல் போட்டு, 1936ல் வைஸ்ராயின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் பார்க் என்று திறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பெயர் மாறியது. அக்கா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெஞ்சு யாருடைய திண்ணையில் கிடந்ததோ!

அரண்மனைகளின் கதியும் இதுதான். ஒரு ராஜா ஊரைக் கட்ட வேண்டுமானால் முந்தின ராஜாவின் ஊரில் கல் தயாராக இருக்கிறது. சிரியின் கல் ஷேர்ஷாவின் கட்டடங்களுக்குப் போயிற்று என்றும் பிரோஸாபாதின் கல் பின்னால் வந்த நகரங்களுக்குப் போயிற்று என்றும் சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். செங்கோட்டைக்குள் இருந்த மாளிகைகளில் பெரும்பாலானவற்றை 1857க்குப் பிறகு இங்கிலீஷ்காரர்கள் இடித்துச் சிப்பாய்களுக்குக் கொட்டடி கட்டினார்கள். வீட்டை இடிக்க யாருக்கும் கை நடுங்கவில்லை. சமாதியை இடிக்க மட்டும் கொஞ்சம் கூசியிருக்கிறது. அதனால்தான் செத்தவர்களின் இடம் மிஞ்சியிருக்கிறது, வாழ்ந்தவர்களின் இடம் போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜாபிதா எழுதுகிறவர்கள் மிஞ்சியதை எண்ணிக் கணக்குச் சொல்லுகிறோம். ஏன் மிஞ்சியது, எது போயிற்று என்று சொல்லுவதில்லை.

நியாயத்துக்கு ஜாபிதாவின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் லீவும் எண்ணிவைத்த பணமும் இரண்டு குழந்தைகளுமாக வருகிற குமாஸ்தாவுக்குச் சரித்திர ஆராய்ச்சி செய்ய அவகாசம் இல்லை. எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது, செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று சொல்லுகிற ஒரு காகிதம் அவருக்குப் பெரிய உபகாரம். மார்கழி, தையில் மூடுபனி, சித்திரையிலிருந்து தீ, ஐப்பசி, கார்த்திகையில் புகை, ஆகவே மாசி, பங்குனி உத்தமம் என்று சொல்லுவதும் உபகாரமே. இதையெல்லாம் இகழக் கூடாது. சமையல் குறிப்பைப் பார்த்து இதில் காவிய ரசம் இல்லை என்று புகார் சொல்லுகிறவன் விமர்சகன் அல்ல. என் புகார் வேறு. சமையல் குறிப்பு எழுதுகிறவர் உப்பு எத்தனை என்று சரியாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவையாவது சமைத்துப் பார்த்திருக்கவும் வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை.

ஆக்ராவுக்கு அக்கா வரமாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். ஆகவே நான்காவது நாள் ஜாபிதா இல்லாத நாளாக வாய்த்தது. விடுதியில் காப்பி சாப்பிட்டுக்கொண்டே, "காந்தி இருந்த வீடு இங்கேதானே?" என்று கேட்டாள். எல்லா ஜாபிதாக்களிலும் ராஜ்காட் இருக்கிறது. 1948 ஜனவரி 31ல் அவரைத் தகனம் செய்த இடம். நாங்களும் முந்தின நாள் சாயங்காலம் அங்கே போய்க் கறுப்புக் கல்லைச் சுற்றி வந்தோம். ஆனால் அவர் கடைசி 144 நாட்கள் வாழ்ந்த பிர்லா மாளிகை என் கட்டுரையில் இல்லை. 1973லிருந்து அது காந்தி ஸ்மிருதி என்று பொதுஜனங்களுக்குத் திறந்திருக்கிறது. அக்காவின் கேள்விக்கு டில்லியில் நேரான பதில் சொல்லுகிற இடம் அது. படுக்கை, கைத்தடி, மூக்குக்கண்ணாடி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சாமான்கள் உள்ள ஓர் அறை. அங்கிருந்து பிரார்த்தனை மைதானத்துக்கு அவர் கடைசியாக நடந்த வழியில் சிமெண்டில் அடிச்சுவடுகள் பதித்திருக்கிறார்கள். அக்கா அந்தச் சுவடுகளை மிதிக்காமல் பக்கத்திலேயே ஒவ்வோர் அடியாக நடந்து போனாள். சுவடு முடிகிற இடத்தில் நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மத்தியான்னம் நிஜாமுதீன் தர்காவுக்குப் போனோம். ஹுமாயூன் சமாதியிலிருந்து சாலையைத் தாண்டி நடந்துபோகிற தூரம். முந்தின நாள் பக்கத்தில் வரை வந்து திரும்பியிருந்தோம். அங்கே ஒரு படிக்கிணறு இருக்கிறது. மகான் அதை வெட்டிக்கொண்டிருந்தபோது கியாசுதீன் துக்ளக் தம் கோட்டைக்கு ஆள் வேண்டும் என்று வேலைக்காரர்களைத் தடுத்தாராம். அவர்கள் பகலில் கோட்டையிலும் ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு கிணற்றிலும் வேலை செய்தார்களாம். விளக்குக்கு எண்ணெய் விற்கக் கூடாது என்று சுல்தான் உத்தரவு போட, கிணற்றுத் தண்ணீரே எண்ணெயாக எரிந்ததாம். கோட்டை பாழாகட்டும் என்று மகான் சபித்தாராம். இது கதை. சரித்திரம் சொல்லுவது, 1325ஆம் வருஷம் இருவரும் இறந்தார்கள் என்பது. துக்ளகாபாத் கோட்டை இன்று முள்ளும் குரங்குமாகக் கிடக்கிறது. தர்காவில் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சையா இருந்தாலும் தண்ணி தண்ணிதான்" என்று சொல்லிக் கைகூப்பினாள்.

வெயில் தாழ்ந்தபின் பிரோஸ் ஷா கோட்லா போனோம். கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ஊர்க்காரர்களே அதை மைதானத்தின் பெயராக நினைக்கிறார்கள். இடிந்த அடுக்கு மாளிகை ஒன்றின் உச்சியில் 13 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கல் தூண் நிற்கிறது. அசோகருடைய தூண். இப்போதைய ஹரியாணாவில் உள்ள டோப்ரா கிராமத்தில் நின்றதைப் பிரோஸ் ஷா பார்த்து ஆசைப்பட்டு, பஞ்சு மெத்தையில் சாய்த்து, 42 சக்கர வண்டியில் ஏற்றி, படகுகளில் யமுனை வழியாகக் கொண்டுவந்து தம் ஊரில் நட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. படிக்க ஆள் இல்லை. எழுத்தே மறந்துபோயிருந்தது. அழைத்துவந்த பண்டிதர்களில் சிலர், 'பிரோஸ் என்று ஒரு ராஜா வரும் வரை இந்தத் தூணை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதியிருக்கிறது' என்றார்களாம். அந்தக் காலத்துச் சரித்திரக்காரர் ஒருவர் இதை எழுதிவைத்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு என் குலத்தின் மூலபுருஷர்களைக் கண்டுகொண்ட மாதிரி இருந்தது. பார்க்காததையும் படிக்காததையும் கேட்கிறவருக்கு இனிக்கும்படி சொல்லுகிற தொழில் டில்லியில் அறுநூறு வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது.

1837ல் ஜேம்ஸ் பிரின்ஸெப் அந்த எழுத்தைப் படித்தார். வேறெந்தத் தூணிலும் இல்லாத ஒரு நீண்ட சாசனம் இதில் இருக்கிறது. அதில் அசோகர், தாம் செய்த காரியங்களில் சிலவற்றைச் சொல்லுகிறார். வழிகளில் மனிதர்களுக்கும் மிருகங்களுக்கும் நிழல் தர ஆலமரம் வைத்தது, மாந்தோப்புப் போட்டது, இடைவெளி விட்டுக் கிணறு வெட்டியது, தங்கிப்போக இடமும் தண்ணீர்ப் பந்தலும் ஏற்படுத்தியது. அதுவும் ஒரு ஜாபிதாதான். வழிப்போக்கன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அதில் இல்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்று இருக்கிறது. அதை எழுதியவர் எழுதுவதற்கு முன்னால் செய்தும் இருக்கிறார். டில்லிக்குள் இருந்தும் அந்தத் தூணை என் கட்டுரையில் நான் சேர்க்கவில்லை.

இதையெல்லாம் தூணடியில் நின்று அக்காவுக்கு நான் சொன்னதாக வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்கும் ஊர் வந்து படித்த பிறகுதான் தெரியும். அன்று அவள் அங்கே ஒரு மரநிழலில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னிக்குத்தான்டா ஊரைப் பாத்தாப்லே இருக்கு" என்றாள். ஒரு நாளில் மூன்றே இடங்கள்!

போன மாதம் அடுத்த வீட்டுக்காரர்கள் டில்லிக்குப் புறப்பட்டார்கள். என்னென்ன பார்க்கலாம் என்று அக்காவிடம் விசாரித்தார்கள். "உங்க தம்பிகூட ஒண்ணு எழுதியிருக்காரே, அதைக் குடுங்களேன்" என்றார்கள். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுல ஒரு இடம் தப்பு. அவனே திருத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கான், வந்ததும் தர்றேன்" என்றாள்.

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தேன்.